வெள்ளிக்கிழமை கட்டவேண்டிய வில்லை

கம்பி வளையம் தலைக்கு மேல் வந்த பிறகும் அந்தக் கறுப்பு நாய் எழுந்திருக்கவில்லை.

பத்து வருஷமாக மட்டாஞ்சேரியில் கார்ப்பரேஷன் நாய்வண்டியோடு அலைந்தவன் நான். வளையத்தைக் கண்டால் நாய் சந்துக்குள் பாயும், இல்லாவிட்டால் கையைக் கடிக்கும். வலது கையில் மட்டும் ஏழு தழும்பு. உட்கார்ந்திருக்கிற நாயை அன்றுதான் பார்த்தேன்.

எழுபத்தெட்டாம் வருஷம். பஜாரில் வெறிநாய் கடித்து இரண்டு பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். கழுத்தில் லைசென்ஸ் வில்லை இல்லாத நாயை வண்டியில் ஏற்று என்று உத்தரவு. ஏறின நாய் திரும்பாது. அது ஊருக்கே தெரியும்.

நாய்க்காரி இருளாயி, கிடங்கில் சுக்கு பொறுக்குகிறவள்.

"உக்காரு கறுப்பா. அண்ணே, ஒரு நிமிஷம் நில்லுங்க. ஊசி போட்டு வில்லையும் வாங்கியாச்சு, சாமி படத்துக்கிட்ட இருக்கு. வெள்ளிக்கிழமை கட்டலாம்னாக்கும் வச்சது."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று புதன்கிழமை.

இந்தப் பல்லவி எனக்குப் பழக்கம். உள்ளே போகிறவர்கள் கொல்லைப்பக்கம் நின்று சீட்டியடிப்பார்கள், நாய் பறந்துவிடும். சீட்டி வருவதற்குள் முந்திக்கொண்டு வளையத்தைக் கழுத்தில் மாட்டினேன்.

சீட்டி வரவில்லை.

வண்டிக்குள் கிடந்தவை ஊளையிட்டன. ஒரு செவலை மட்டும் சத்தமில்லாமல், காலையிலிருந்து பார்ப்பதுபோலவே, கம்பி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சாயாக்கடையில் நின்ற ஒருவன் வேண்டுமென்றே பழம்பொரித் துண்டைக் கறுப்பன் முன்னால் போட்டான். அதற்கு எச்சில் ஒழுகியது. வாய் வைக்கவில்லை.

பயமில்லாத நாய் என்று நினைக்கவேண்டாம். உடம்பெல்லாம் நடுங்கியது. அந்த நடுக்கம் கம்பி வழியாக என் கை வரைக்கும் வந்தது. நடுங்கிக்கொண்டே, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.

உட்கார் என்று அவள் சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான்.

கோயிலில்கூட எனக்கு இப்படிக் கைகூப்பத் தோன்றியதில்லை.

இருளாயி வந்தாள். வில்லையில் குங்குமம் ஒட்டியிருந்தது. வெள்ளிக்கு இரண்டு நாள் இருக்கிறதே என்று முனகிக்கொண்டே சிவப்புக் கயிற்றில் கோத்துக் கட்டினாள். எழுந்திரு என்று தலையசைத்த பிறகுதான் கறுப்பன் எழுந்தது.

ஓடு என்று ஒரு வார்த்தை சொல்லி அவள் அதைத் தப்பவிட்டிருக்கலாம். வாங்கவேண்டியதை வாங்கியிருக்கிறோம், நியாயமாக நடப்பான் என்று என்னை நம்பி, என் வளையத்துக்குக் கீழேயே உட்காரவைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

வளையத்தைக் கழற்றினேன். டிரைவர் ஹாரன் அடித்தார்.

செவலை இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

காலையில் வண்டிக்குப் பின்னாலேயே ஓடிவந்து, பஜாரில் எங்கள் வேலையை மேற்பார்க்கிற மேஸ்திரியின் கண்முன்னே என் காலடியில் வாலாட்டிக்கொண்டு நின்ற நாய் அது. யாருடையது என்று மேஸ்திரி கேட்டபோது தெரியாது என்றேன். நான்தான் வளையம் மாட்டினேன். அது கடிக்கவில்லை, விளையாட்டு என்று நினைத்து ஏறிக்கொண்டது.

டிரைவர் பக்கம் போனேன்.

"சேட்டா, கதவைத் திறங்க. இந்தச் செவலை என் நாயாக்கும். நான்தான் வில்லை வாங்கலை."