மூன்றாவது குழுவில் ஓர் இடம்

பத்துக் கணக்கும் தப்பு. அதுவும் ஏனோதானோ என்று போட்ட தப்பு இல்லை, அளந்து வைத்துப் போட்ட தப்பு.

நாற்பத்தெட்டை ஆறால் வகுத்தால் ஒன்பதாம். அறுபத்து மூன்றை ஏழால் வகுத்தால் பத்தாம். எல்லா விடையும் சரியான விடையைவிட ஒன்று கூடுதல். சரியான விடை தெரியாத பிள்ளை இப்படித் தப்பு விட முடியாது.

"கள்ளி!" என்று முனகியபடி ஹம்சவேணி டீச்சர் விடைத்தாளின் மூலையைப் பார்த்தார். பதினேழாம் நம்பர்.

மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக் கணக்கு அவர் பொறுப்பு. மதுரையில் ஐந்து நாள் பயிற்சிக்குப் போய்வந்ததிலிருந்து டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை. வந்த வேகத்தில் மூன்று படியாகப் பாடம் நடத்த ஆரம்பித்தார். எல்லோருக்கும் பெரிய வகுப்பு. கொஞ்சம் தடுமாறுகிறவர்களுக்கு மதியம் தனியாக ஒரு குழு. மாதத் தேர்வில் மூன்றில் ஒரு பங்குகூட எடுக்காதவர்களுக்கு மூன்றாவது குழு. கடைசி பீரியடில் டீச்சரைச் சுற்றி ஐந்தே பேர், ஆளுக்கொரு கடலை மிட்டாய். இந்த விதியும் அவர் யோசனை, மிட்டாயும் அவர் யோசனை.

பலன் இல்லாமலும் இல்லை. கழித்தல் என்றாலே அழுத சின்னத்தாய் இப்போது அழாமல் கழிக்கிறாள்.

பெரிய வகுப்பில் நாற்பத்து மூன்று பேர். அங்கே எல்லாம் நம்பர்தான். அட்டெண்டன்ஸ் ஒன்றரை நிமிஷத்தில் முடிந்துவிடும். அந்த வேகத்தில் டீச்சருக்குத் தனிப் பெருமை.

எல்லாம் நன்றாகத்தான் போனது, மூன்றாவது குழு வீங்க ஆரம்பிக்கும் வரை. ஐந்து எட்டானது. இந்த மாதம் பதினொன்று. தலைமையாசிரியர் அழகுபாண்டி கூப்பிட்டு அனுப்பினார்.

"என்ன டீச்சர், மத்த கிளாஸ்ல எல்லாம் குறையுது, உங்களுக்கு மட்டும் ஏறிக்கிட்டே போகுது? வெள்ளிக்கிழமை ஆய்வுக்கு வாராக. நீங்க சொல்லிக் குடுக்கக் குடுக்கப் பிள்ளைக மக்காகுதுன்னா நான் சொல்ல முடியும்?"

"புதுசா வந்ததுக அம்புட்டும் மிட்டாய்க்கு சார். வேணும்னே தப்பாப் போடுதுக."

"அப்ப மிட்டாய நிப்பாட்டுங்க. பதினோரு பேரு வந்தா அதுக்குப் பேரு குழுவா, கூட்டம். இப்பிடியே போச்சுன்னா மூணாவது குழுவையே கலைச்சுவிட்ர வேண்டியதுதான்."

டீச்சருக்குச் சின்னத்தாய் நினைவுக்கு வந்தாள். நாற்பத்து மூன்று பேருக்கு நடுவே விட்டால் அவள் மறுபடி அழ ஆரம்பித்துவிடுவாள்.

அன்றைக்கே வகுப்பில் அறிவித்தார். "இனிமே மிட்டாய் கிடையாது. நாளைக்கு மறுபடி தேர்வு."

மறுநாளும் அதே பதினொன்று. பதினேழாம் நம்பர் மறுபடி பத்தும் தப்பு. ஒரே வித்தியாசம், இந்த முறை எல்லா விடையும் ஒன்று குறைவு.

மணி அடித்ததும் அவளை நிறுத்திவைத்தார்.

"ஏம்மா, உனக்கு வகுத்தல் தெரியும்தானே?"

தலை மெல்ல ஆடியது.

"மிட்டாய்தான் இல்லைன்னு சொல்லிட்டேனே. பெறகு எதுக்கு இந்தக் கூத்து?"

"மிட்டாய் எங்க கடையிலயே இருக்கு டீச்சர். டப்பா டப்பாவா."

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாள் துப்பறிந்ததெல்லாம் வீண்.

"பின்ன எதுக்கு?"

அவள் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அந்த ரூம்ல, 'சின்னத்தாய், இங்க வாடா தங்கம்'ங்கிறீங்க. 'கருப்பு, அப்பிடித்தான்டா'ங்கிறீங்க. சன்னல் வழியாக் கேட்டேன்."

"அதுக்கு?"

"பெரிய கிளாஸ்ல நான் பதினேழு டீச்சர்."

டீச்சருக்குச் சுருக்கென்றது. வெட்கமாகவும் இருந்தது. "அப்பிடியெல்லாம் இல்லடா..." என்று சமாதானமாக ஆரம்பித்து, அவள் பேரைச் சொல்ல வாயெடுத்தார். வாய் திறந்தது திறந்தபடி நின்றது. ஜூன் மாதத்திலிருந்து மாதாமாதம் அந்தப் பேரை அட்டெண்டன்ஸ் நோட்டில் எழுதுவதே அவர்தான்.

"ஜெயக்கொடி டீச்சர்" என்று அவளே எடுத்துக் கொடுத்தாள்.

"சரி ஜெயக்கொடி. நாளையிலேருந்து பெரிய கிளாஸ்லயும் பேருதான். நீ கணக்கை ஒழுங்காப் போடு."

"சரி டீச்சர்."

மறுநாள் காலை டீச்சர் அட்டெண்டன்ஸ் நோட்டைத் திறக்கவே இல்லை. நேற்று பட்ட வெட்கம் அதற்குள் மறந்துபோய், பழைய மிடுக்கு திரும்பியிருந்தது. முகத்தைப் பார்த்தே பேர் சொல்லிக் கூப்பிடுவதாக ஏற்பாடு.

"சின்னத்தாய். கருப்பு. காளை. ஜெயக்கொடி..."

பேர் கேட்ட பிள்ளைகள் எல்லாம் துள்ளி எழுந்து, "உள்ளேன் டீச்சர்!" என்று கூரை அதிரக் கத்தினார்கள். வண்டி பன்னிரண்டு வரைக்கும் ஓடியது. பதின்மூன்றாவது முகத்தில் போய் நின்றுவிட்டது.

டீச்சர் விழித்தார். சன்னல் ஓரம் பார்த்தார், கடைசி பெஞ்சைப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. நாற்பத்து மூன்றில் பன்னிரண்டு. வகுப்பு முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஜெயக்கொடி எழுந்தாள். அவள் முகத்தில் கேலி கொஞ்சமும் இல்லை.

"மூணுல ஒரு பங்குகூட வரல டீச்சர். நீங்களும் மூணாவது குழுதான். கடைசி பீரியட் வாங்க, நான் சொல்லித் தாரேன். எங்க கடையிலேருந்து மிட்டாயும் கொண்டாரேன்."