பாலத்து ரோட்டில் பிடிபட்ட வேகம்

"பிரேக்! பிரேக்கை மிதி! அது கிளட்ச்... கிளட்ச்!"

கார் ஒரு குதி குதித்து, விக்கி, அணைந்தது.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவள் டிரைவிங் மாஸ்டரின் மனைவி. பக்கத்து சீட்டில் மாஸ்டர் நெற்றி வியர்வையை வழித்து எறிந்தார்.

லைசென்ஸ் ஆபீசின் பின்பக்கத்துக் காலி மைதானம். எந்த நிமிடமும் உள்ளேயிருந்து கூப்பிட்டுவிடுவார்கள். அதற்குள் அவளுக்கு வண்டி ஓட்ட வந்தாக வேண்டும்.

வந்த வினை இதுதான். பாலத்து ரோட்டில் அவர்கள் வீட்டுக் கார் அளவுக்கு மீறிப் பறந்ததைக் கேமரா பிடித்துவிட்டது. பின்னாலிருந்து எடுத்த படம். நம்பர் பிளேட் பளிச்சென்று விழுந்திருந்தது. ஓட்டியவர் முகம் விழவில்லை.

நோட்டீஸ் வந்தபோது மாஸ்டருக்குத் தேதியைப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. அந்த ரோட்டில் தினம் பறக்கிறவர் அவர்தானே? வீட்டில் கார் ஓட்டுகிற ஒரே ஆளும் அவர்தான்.

ஏற்கெனவே மாட்டியவர். இன்னொரு தடவை என்றால் லைசென்ஸ் போய்விடும். ஊருக்கே டிரைவிங் சொல்லித்தருகிறவருக்கு லைசென்ஸ் போனால் பிழைப்பே போச்சு.

மனைவியிடம் கெஞ்சினார்.

"நான்தான் ஓட்டினேன்னு நீ சொல்லிடேன். உனக்கு முதல் தடவை. கண்டிச்சு விட்டுடுவாங்க."

கல்யாணமான புதிதில் யாரையோ பிடித்து அவளுக்கும் ஒரு லைசென்ஸ் வாங்கிவைத்திருந்தார். சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த முதல் நாளே அவள் அழுதுகொண்டு இறங்கிப் போய்விட்டாள். அதோடு சரி.

அவள் வெகுநேரம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு சரி என்றாள். ஆபீசுக்கு வந்து அப்படியே சொல்லியும்விட்டாள்.

ஆனால் ஆபீஸ் வேறு குண்டைத் தூக்கிப் போட்டது. இவ்வளவு வேகத்தில் போனவர்கள் இன்ஸ்பெக்டரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்ட வேண்டுமாம்.

கியர் போடத் தெரியாமல் அவள் முழித்தால் தீர்ந்தது கதை. அவரோடு சேர்ந்து அவளும் மாட்டுவாள்.

"திரும்ப ஸ்டார்ட் பண்ணு. மெதுவா... மெதுவான்னு சொன்னேன்ல! காதுல என்ன பஞ்சா வச்சிருக்கே?"

மாஸ்டர் ஏறிய காருக்கு ஹாரன் தேவையில்லை என்று அவரிடம் கற்றுக்கொண்டவர்கள் சொல்வார்கள். அதையும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வார்.

வண்டி மறுபடியும் அணைந்தது.

"நீங்க பக்கத்துல உக்காந்தா எனக்கு வராதுங்க" என்றாள்.

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

சிரிப்பை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தவர் மாதிரி ஓர் இன்ஸ்பெக்டர் ஏறி உட்கார்ந்தார். கார் கேட்டைத் தாண்டித் திரும்பியது. மாஸ்டர் பார்க்கப் பயந்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மனசாட்சி உறுத்தியது. ஒரு பாவமும் அறியாதவள். அவளைப் பொய் சொல்லவும் வைத்து, பொய்யைக் காப்பாற்றத் தெரியவில்லை என்று திட்டவும் செய்தாயிற்று. இவனெல்லாம் ஒரு புருஷன்!

போனால் போகட்டும் லைசென்ஸ். வண்டி வந்து நின்றதும் இன்ஸ்பெக்டரிடம் உள்ளதைச் சொல்லிவிடுவது. முடிவே செய்துவிட்டார்.

கார் வந்தது. இரண்டு வண்டிகளுக்கு நடுவே இருந்த சின்ன இடத்துக்குள், பின்னோக்கி, ஒரே வீச்சில் நுழைந்து நின்றது.

மாஸ்டருக்கு வாய் பிளந்தது.

"சார், ஒரு விஷயம்..."

இன்ஸ்பெக்டர் பேசவே விடவில்லை. "நல்லாத்தான் கத்துக்குடுத்திருக்கீங்க மாஸ்டர். வேகத்தை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க. இந்தத் தடவை எச்சரிக்கையோட விடறேன்."

அவர் போய்விட்டார். அவள் டிரைவர் சீட்டைவிட்டு இறங்கவில்லை.

"ஏறுங்க."

ஏறினார். கார் ஓசையில்லாமல் தெருவில் இறங்கியது.

"எப்ப... எங்க கத்துக்கிட்டே?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா பொம்பளைங்களுக்கு மட்டும் சொல்லித்தர்றாங்க. கத்தவே மாட்டாங்க."

அவர் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார்.

"இருந்தாலும் எனக்காக உன்னைப் பொய் சொல்ல வச்சுட்டேனே."

"நான் எங்கங்க பொய் சொன்னேன்?" அவள் பார்வை ரோட்டைவிட்டு விலகவில்லை. "அன்னிக்கு ஓட்டினது நான்தான். நீங்க மத்தியானம் சாப்பிட்டுட்டுத் தூங்கிட்டு இருந்தீங்க."

சிரிப்பதா கோபப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. "அதை அன்னிக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா எங்க போனேன்னு கேட்டிருப்பீங்க."

"எங்க போனே?"

சிக்னலில் வண்டி நின்றது. அவள் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாள்.

"அக்கா வீட்டுக்கு. துணிமணி எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு. இனிமே திரும்பறதில்லைன்னுதான் கிளம்பினேன். அன்னிக்குக் காலையில எதுக்குக் கத்தினீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

யோசித்துப் பார்த்தார். எந்தக் காலை என்றே பிடிபடவில்லை.

பச்சை விழுந்தது.

"போறப்ப மெதுவாத்தாங்க போனேன்" என்றாள். "நீங்க எழுந்திரிக்கிறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடணுமேன்னு, திரும்பி வர்றப்பதான் கேமராவுல மாட்டினேன்."