வாடாத புல்

"கான்கிரீட்டெல்லாம் வேணாம்மே. கொல்லைக்குப் பச்சைப் புல்லு போட்டுடலாம்."

ஆதிநாராயணன் சொன்னதைக் கேட்டு, மீன் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி தேவகி கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள்.

"புல்லா? மாடு கட்டப் போறியா?"

"நெசப் புல்லு இல்லமே, நைலான் புல்லு. அனுப்பம்பட்டுல ஒரு வெளையாட்டு மைதானத்தை எடுக்கறாங்களாம். பழைய புல்லைச் சுருட்டிக் குடுத்துடுவாங்க. நம்ம சத்யா கபடி ஆடுறதுக்கு."

வீடு கட்டி மிச்சமான சிமெண்டும் ஜல்லியும் கொல்லையில் குவிந்து கிடந்தன. மறுநாள் தளம் போட மேஸ்திரி வருவதாக இருந்தது.

"ஓகோ! போன வருசம் அவ கேட்டப்ப இன்னா சொன்ன? 'கடற்கரை பூரா மணலு கெடக்குது, அங்க போய் ஆடு'ன்னு சொல்லல?"

"மணல்ல ஆடிப் பழகுன காலு, போட்டியில ரப்பர் பாய் மேல வழுக்குதாம். மொத ரவுண்டுலயே தோத்துட்டு வந்துச்சு புள்ள. பெத்த மனசு கேக்குமா?"

ஆதிநாராயணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணீர் வரவில்லை. அதனால் இன்னொரு தடவை துடைத்தார்.

பெற்ற மனசு இருந்தது உண்மைதான். ஆனால் அது அப்போது புது வலையின் மேல் இருந்தது. போன வாரம் சத்யா போனில் ஒரு வீடியோ காட்டினாள். மாஸ்க்கும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஒரு மேடம், கரகரத்த குரலில் பேசினாள். "மீனவ நண்பர்களே, வணக்கம்! சிமெண்ட் தரையில் வலையைக் காயப் போடாதீர்கள். நைலான் நூல் உராய்ந்து நைந்துவிடும். செயற்கைப் புல்லே சிறந்தது!"

அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. பிள்ளை ஆடப்போவது சாயங்காலம்தானே? பகலெல்லாம் புல் சும்மாதானே கிடக்கும்?

"சிமெண்டுத் தரையிலயும் கோடு போட்டு ஆடலாம்" என்றாள் தேவகி.

"கபடிமே! விழுந்தா முட்டி பேந்துடும்."

"விழாம ஆடட்டும்."

"விழாம ஆடுறதுக்கு அது இன்னா பல்லாங்குழியா?"

"நைலான்ல தேய்ச்சா மட்டும் தோலு எரியாதா?"

"உனுக்கு சிமெண்டு மேல ஏன் இவ்ளோ ஆசைன்னு எனுக்குத் தெரியும். நெத்திலி காயப் போடத்தான?"

"ஆமா, அதுக்குத்தான்! மணல்ல காஞ்ச கருவாட்டை வாங்குறவங்க கடிச்சுட்டுத் துப்புறாங்கய்யா. நீயா போய் விக்கிற?"

சத்யா ஓரமாக உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆடப்போறவ நீ. எது வேணும்னு நீயே சொல்லு" என்றார் ஆதிநாராயணன்.

"உங்க இஷ்டம் நைனா. எனுக்காகச் சண்டை போடாதீங்க. யம்மா, நீ கொஞ்சம் உள்ள வாயேன்."

தாயும் மகளும் உள்ளே போனார்கள். திரும்பி வந்த தேவகியின் முகமே வேறாக இருந்தது.

"புல்லே போடுயா. புள்ள முட்டிதான் முக்கியம்."

அவள் மனசு மாறுவதற்குள் ஆதிநாராயணன் மேஸ்திரிக்குப் போன் போட்டு, ஜல்லியைக் கொட்டிச் சமப்படுத்தினால் போதும், சிமெண்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அந்த வாரமே லோடு ஆட்டோவில் புல் வந்து இறங்கியது. விரித்து முடித்த மறுநாள் காலை, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைக்கு வந்தவர் அப்படியே நின்றார். புல்லையே காணோம். மூலைக்கு மூலை நெத்திலி மின்னியது. நடுவில் காக்கா விரட்டும் குச்சியோடு தேவகி நின்றாள்.

"இன்னாமே இது? புள்ள முட்டி முக்கியம்ன?"

"புள்ள காலேஜுக்குப் போயிருக்குது. முட்டியும் அதுகூடத்தான் போயிருக்குது. நீ இன்னாயா வலையோட வந்து நிக்கிற?"

திருடனும் திருடனும் இருட்டில் முட்டிக்கொண்ட மாதிரி இருவரும் பார்த்துக்கொண்டார்கள்.

"புல்லுல நெத்திலி காயும்னு உனுக்கு யாரு சொன்னது?"

"அடியில காத்து போவுமாம், ஈரம் நிக்காதாம். அன்னிக்கி சத்யா உள்ள கூப்ட்டு வீடியோ காட்டுச்சு. 'கருவாட்டுச் சகோதரிகளே, வணக்கம்'னு ஒரு மேடம் பேசுறாங்கய்யா. இன்னா மரியாதை!"

"மாஸ்க் போட்ட மேடமா? கொரலு கரகரன்னு இருக்குமே?"

"அவங்களேதான்!"

"பெரிய படிப்பு படிச்சவங்க போல. எல்லாமே தெரிஞ்சு வெச்சிருக்காங்க" என்று வியந்தார் ஆதிநாராயணன்.

படித்த மேடத்துக்கு மரியாதை கொடுத்து, பாதிப் புல் வலைக்கு, பாதிப் புல் நெத்திலிக்கு என்று பிரித்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் நெத்திலி கூடைக்குப் போனது. வலையைப் படகுக்குக் கொண்டுபோக அவர் சுருட்டிக்கொண்டிருந்தபோது, பொன்னேரி காலேஜிலிருந்து சத்யாவோடு கபடி டீம் வந்து இறங்கியது. ஆறேழு பெண்கள். எல்லோரும் அந்த வீட்டுக்குப் புதிது.

"நெத்திலி வாடை தூக்குதுடி" என்றாள் ஒருத்தி.

"நல்லதாப் போச்சு. நம்மளப் பிடிக்க வர்றவ மூக்கைப் பிடிச்சுக்குவா" என்றாள் சத்யா.

கோடு போட்டார்கள். உயரமான பெண் ஒருத்தி கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தாள்.

"கபடி கபடி கபடி கபடி..."

கரகரத்த குரல்.

தேவகியின் இடுப்பிலிருந்த கூடை நழுவியது. "யோவ், இது நம்ம கருவாட்டு மேடம் கொரலாச்சே!"

"இல்லமே" என்றார் வலையைக் கீழே விட்ட ஆதிநாராயணன். "இது வலை மேடம்!"

"ரெண்டும் இல்ல நைனா" என்றாள் சத்யா, ஒரு கண்ணை ஆட்டத்தில் வைத்தபடியே. "இது காட்டூர் பிரின்சி. எங்க டீம் கேப்டன்."