தண்ணீர் கலந்த அல்யானிகோ

தென் இத்தாலிய மலையூர் ஒன்றில், கிழவர் சால்வத்தோரேயைப் பராமரிக்கும் வேலை யாழ்ப்பாணத்துத் தவமலருக்கு. அல்யானிகோ என்ற பழங்காலத்துத் திராட்சையில் அறுபது வருடம் வைன் செய்தவர் அவர். ஒரு துளி நாக்கில் பட்டால், எந்தச் சரிவில் காய்த்த பழம் என்று சொல்லிவிடுவார். இருதயம் பலவீனமானபோது வைத்தியர் வைனை நிறுத்தச் சொன்னார். கிழவர் கெஞ்சினார். மறுக்க மனம் வராமல், தவமலர் அவருக்குத் தெரியாமல் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து கொடுத்தாள்.

ஒரு வாய் குடித்தவர் கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நானே அடைச்ச போத்தல், வைனிலை பிழை இராது. என்ரை நாக்குத்தான் செத்துப்போச்சு, பிள்ளை."

உண்மை தெரிந்தால் கிழவரின் மகன் தன்னை வேலையை விட்டு நிறுத்திவிடுவான் என்ற பயத்தில் அவள் கிளாஸை எடுத்துக் கழுவப் போனாள். மறுநாளே கிழவர் வைன் வைக்கும் நிலவறையின் சாவியை மகனிடம் கொடுத்துவிட்டு, சன்னலோரம் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு மாதம் கழித்து மகன் பீப்பாயிலிருந்து ஒரு கிளாஸ் எடுத்து வந்து, போத்தலில் அடைக்கலாமா என்று கேட்டான். கிழவர் அதைத் தவமலரிடம் நீட்டினார்.

"நீ குடிச்சுப் பாத்துச் சொல்லு. உன்னைத்தான் நம்புறன்."

தவமலர் கருஞ்சிவப்பு வைனைக் குடிக்காமல் மேசையில் வைத்தாள்.

"ஐயா, உங்களிட்டை ஒண்டு சொல்லவேணும்," என்றாள்.

வைனைப் பற்றித்தான் என்று நினைத்து, கிழவர் ஆவலோடு முன்னால் சாய்ந்தார்.