நீல டிராக்டர்

களத்தோரம் நின்ற டிராக்டரைப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று, கேமராவோடு ஊர் சுற்ற வந்த ஒரு பெண் கேட்டாள். எடுத்துக்கொள்ளச் சொன்னேன். சேற்றுழவின்போது முன்பக்கம் தூக்கிக் கவிழ்ந்து என் கணவரை அமுக்கிய வண்டி அது என்று அவளிடம் சொல்லவில்லை. காவு வாங்கிய வண்டியை எங்கள் பக்கத்தில் பழைய இரும்புக்குக்கூட எடுக்க மாட்டார்கள். மகன் போன அன்றிலிருந்து மாமா அந்தப் பக்கமே போனதில்லை. வாய்க்கால் வரப்பைச் சுற்றித்தான் வயலுக்குப் போவார்.

அவள் தரையில் படுத்தெல்லாம் எடுத்தாள். பிறகு வாசலுக்கு வந்து கேமராவின் திரையைக் காட்டினாள். வண்டி முழுக்கத் துரு செம்மஞ்சளாகப் படர்ந்திருந்தது. ஸ்டியரிங்கைச் சுற்றிக் கோவைக்கொடி வெள்ளையாகப் பூத்திருந்தது.

"பெயின்ட் மட்டும் அடிச்சுடாதீங்கக்கா, கெட்டுப்போயிடும். எவ்வளவு அழகு, இல்ல?"

"ஆமா, ரொம்ப அழகு" என்று சொன்ன பிறகுதான், புல்லுக்கட்டோடு மாமா பின்னால் நிற்பதைப் பார்த்தேன். அவருக்குக் கேட்டிருந்தது. என்னால் தலை நிமிர முடியவில்லை.

அவர் கட்டை இறக்கி வைத்தார். "எங்க பாப்பா, நானும் பாக்குறேன்."

கேமராவைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நம்ம வண்டி நீலமாச்சேம்மா" என்றார் என்னிடம்.

துண்டின் நுனியால் திரையைத் துடைத்தார். பார்த்தார். மறுபடி அழுத்தித் துடைத்தார்.

"தாத்தா, அது..." என்று வாயெடுத்த பெண்ணின் கையை நான் பிடித்துக்கொண்டேன்.