பேட்டரியைக் குடித்தது

இரண்டு நாள் நிறுத்திவைத்தால் கார் கிளம்புவதில்லை. மின்பொறியியல் பேராசிரியரான கணவர் அரைமணி நேரம் சொற்பொழிவாற்றி, வகுளா கதவைச் சரியாகச் சாத்தாததே காரணம் என்று தீர்ப்பளித்தார். அவள் ஆள்வைத்து வண்டியைத் தள்ளிக் கிளப்பிப் பட்டறைக்குக் கொண்டுவந்தாள்.

எலெக்ட்ரீஷியன் அருளப்பன் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்து, டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை இழுத்தார்.

“இதுதான்க்கா பேட்டரியைக் குடிக்குது. வண்டி எங்கெங்க போகுதுன்னு போன்ல காட்டுற சாமான். எந்த அரைவேக்காடு மாட்டுனான்? கனெக்‌ஷனே தப்பு.”

வயர்களில் வெள்ளை டேப் சுற்றி, கணவரின் மணிமணியான கையெழுத்தில் எண்கள் போட்டிருந்தன.

“டாக்டர் பட்டம் வாங்கினவர்” என்றாள்.

“கழட்டிப் போட்டுரவாக்கா?”

பக்கத்தில் விளக்கு சரிசெய்யப்பட்ட அமரர் ஊர்தி ஒன்று கிளம்பத் தயாராக நின்றது.

“அதுல மாட்டிடுங்க. கனெக்‌ஷன் சரியாக் குடுங்க.”