ஐந்து நொடி

எங்கள் இறுதியாண்டு ப்ராஜெக்டில், என் நிரல் ஜெபராஜ் எழுதிய ஸ்கிரிப்டை, அதாவது ஒரு குட்டி நிரலை, அழைத்து இயக்கும். அது ஸ்கேன் செய்த பழைய பக்கங்களை எழுத்தாக மாற்றிவிட்டு, கறுப்புத் திரையில் "முடிந்தது" என்று சொல்லும். மூன்று மாதம் பிசகாமல் சொன்னது. நண்பன் வேலையைச் சோதிப்பது மரியாதையில்லை என்று, மாற்றிய எழுத்து போய்ச் சேரும் ஃபோல்டரை நான் திறந்ததே இல்லை.

வைவா என்ற வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் அதைத் திறக்கச் சொன்னார். காலி.

"அந்த ஸ்கிரிப்டையும் திறங்க தம்பி."

உள்ளே இரண்டே வரிகள். ஐந்து நொடி காத்திரு. "முடிந்தது" என்று எழுது.

தேர்வாளர் இருவர் பெயருக்கும் நேரே பூஜ்யம் போட்டார்.

"டிகிரியே போச்சேடா. எதையும் மாத்தவே மாத்தாததுக்கு எதுக்குடா அந்த அஞ்சு செகண்ட்?" என்றேன் வெளியே வந்ததும்.

ஜெபராஜ் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"சட்டுனு முடிஞ்சா நீ நம்ப மாட்டியே, மச்சி."